குறுந்தகட்டில் குடியிருக்கும் குரல்

இறைவழிபாட்டுக்குரிய பொருள்களை இல்லத்தில் பேணும் முறைகளைப் பற்றி இப்பகுதியில் தொடர்ந்து சிந்தித்து வருகிறோம். விளக்கு, மணி, சுவாமி படம், பாராயண நூல் என்று பலவற்றைப் பார்த்தாயிற்று. இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்வது நம் பாட்டனாரும் பாட்டியாரும் அறியாத ஒரு பொருள். ஆயினும் இன்று நம்மில் பலருடைய பூஜையறை மாடத்தில் அது இருக்கிறது. ஊர்க் கோயிலின் குடமுழுக்கு, மகனின் திருமணம், பேத்தியின் காதணி விழா, பஜனை மடத்தில் பாடிய பாடல்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்து வைத்திருக்கும் சி.டி., டி.வி.டி. எனப்படும் குறுந்தகடுதான் அது. கடையில் விற்கும் தகட்டைச் சொல்லவில்லை. வீட்டுக் கணினியிலோ, ஊர்ப் புகைப்பட நிலையத்திலோ நமக்கென்று எழுதி வாங்கிய தகட்டைச் சொல்கிறோம். அத்தகு தகட்டுக்கு உலகில் வேறு படி இல்லை. அது போனால் போனதுதான்.

சென்ற ஆண்டு விஜயதசமி கழிந்த சில நாட்களில், காவிரிக்கரையில் மோகனூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து முதிய அம்மையார் ஒருவர் தம் பேரனுடன் அடியேன் இல்லத்துக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு பட்டுத்துணிப் பொதியை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு குறுந்தகடு. அதன் மேற்பரப்பில் முருகப்பெருமானின் படம் ஒட்டப்பட்டிருந்தது. படத்தைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தன.

“அவிய பாட்டுங்க இது. போன வருசம் வரைக்கும் நல்லாப் பாடுச்சுங்க. இப்ப பாதியில நின்னுக்குதுங்க. திதி வருதுங்க, அதுக்குள்ள எப்படியாச்சும் பாட வெச்சுக் கொடுங்க” என்றார்.

அவருடைய கணவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. உயிரோடிருந்த காலத்தில் கிருத்திகைதோறும் திருச்செங்கோட்டு மலைப்படியேறிச் செங்கோட்டு வேலவர் சந்நிதியில் திருப்புகழ் பாடுவது அவர் வழக்கம். ஒரு தைப்பூச இரவில் ஊர்க் கோயிலில் அவர் பாடிய பாடல்களை யாரோ ஒரு பக்தர் ஒலிநாடாவில் பதிவுசெய்திருந்தார். பின்னாளில் நகரத்துக் கடை ஒன்றில் அதைக் குறுந்தகட்டுக்கு மாற்றினார்கள். தகடு வந்துவிட்டதே என்று ஒலிநாடாவைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். ஆக, அந்தப் பெரியவரின் குரல் இவ்வுலகில் எஞ்சியிருந்த ஒரே இடம் அந்தத் தகடுதான்.

“பூசையறையிலதானுங்க வெச்சிருந்தேன். ஒரு நாளும் கீழ வெச்சதில்லீங்க. ஒவ்வொரு சரசுவதி பூசைக்கும் பொட்டு வெச்சுக் கும்பிட்டனுங்க” என்று அவர் சொன்னபோது, அடியேனுக்கு மறுமொழி சொல்ல நா எழவில்லை. அவர் எவ்வளவு பக்தியோடு போற்றினாரோ, அவ்வளவும் அந்தத் தகட்டுக்குத் தீங்காகவே முடிந்திருந்தது.

அன்பர்களே, போற்றுதல் வேறு, பேணுதல் வேறு. நம் வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உண்டு. தில்லையில் பொன்னம்பலத்தின் மேற்புறத்து அறையில் மூவர் தேவார ஏடுகள் கைச்சாத்திட்டுப் பூட்டிவைக்கப்பட்டிருந்தன என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. பூட்டு இருந்தது, முத்திரை இருந்தது, பயபக்தியும் இருந்தது. மாமன்னன் இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் மூவர் திருமேனிகளை எழுந்தருளச்செய்து கதவைத் திறந்தபோது ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி, எஞ்சிய ஏடுகளை எடுத்தார்கள். திருஞானசம்பந்தர் பாடியருளியவை 16,000 பதிகங்கள் என்பது மரபு. நமக்குக் கிடைத்திருப்பவை நானூறுக்கும் குறைவு. நம் கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூராகிய திருச்செங்கோட்டில் அடியார்களை வாட்டிய குளிர்காய்ச்சல் நீங்கச் சம்பந்தர் பாடிய திருநீலகண்டப் பதிகம் அந்த எஞ்சியவற்றுள் ஒன்று என்பது நம் பேறு.

தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திர’த்தில் மற்றொரு செய்தியை எழுதுகிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருக்கும் என்று நம்பிச் சென்றார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதியாக இட்டுவிட்டார்கள் என்ற மறுமொழியே அவருக்குக் கிடைத்தது. செய்தவர்கள் பகைவர்கள் அல்லர், பக்தர்கள். புனிதமான பொருளைப் புனிதமான முறையில் வழியனுப்புவதாகவே அவர்கள் எண்ணினார்கள்.

அதே உ.வே.சா.வின் வாழ்வைத் திருப்பியவர் நம் சேலத்தைச் சேர்ந்தவர். 1880-ல் கும்பகோணத்தில் முனிசீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், “சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?” என்ற பொருளில் வினவியதோடு நிற்கவில்லை. தம்மிடமிருந்த பிரதியையும் அவரிடம் கொடுத்தார். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சேறியது. பூட்டிவைத்த ஏடு கறையானுக்கு இரையாயிற்று. படியெடுத்துக் கைம்மாற்றிய ஏடோ நம் கைக்கு வந்து சேர்ந்தது. குறுந்தகட்டுக்கும் இதுவே நெறி.

இனி, இத்தகடு எதனால் ஆனது என்பதை அறிந்துகொள்வோம். அறிந்தால்தான் எதிலிருந்து காக்கவேண்டும் என்பது விளங்கும்.

குறுந்தகடு 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. அதன் பெரும்பகுதி பாலிகார்பனேட் என்னும் தெளிந்த பிளாஸ்டிக். கடையில் விற்கும் பாடல் தகட்டில், அந்தப் பிளாஸ்டிக்கிலேயே நுண்ணிய குழிகளை அச்சில் அழுத்தி, மேலே அலுமினியம் பூசிவிடுகிறார்கள். நாம் எழுதிக்கொள்ளும் தகட்டின் அமைப்பு வேறு. அதில் பிளாஸ்டிக்கின்மேல் ஒரு மெல்லிய சாயம் தடவப்பட்டிருக்கும். கணினியிலுள்ள லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டுச் சுட்டுப் புள்ளிகளாக எழுதுகிறது. அதனால்தான் பேச்சுவழக்கில் ‘சி.டி. பர்ன் செய்வது’ என்கிறோம். சாயத்தின்மேல் பெரும்பாலும் வெள்ளிப் பூச்சு. அதன்மேல் தலைமயிரின் தடிமனுக்கும் குறைவான ஓர் அரக்குப் பூச்சு. அவ்வளவுதான் காப்பு.

உங்களிடம் உள்ளது எவ்வகை என்றறிய, தகட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தூய வெள்ளி நிறமாக இருப்பின் பெரும்பாலும் அச்சிட்ட தகடு. இளம்பச்சை, நீலம், ஊதா ஆகியவற்றுள் ஒரு சாயல் தெரிந்தால் அது எழுதிய தகடு. அந்த நிறம் நாம் சொன்ன சாயத்தின் நிறமே.

சாயம் என்றதும் நம் தாய்மார்களுக்கு உடனே விளங்கிவிடும். சாயம் ஏற்றிய சேலையை வெயிலில் காயப்போட்டால் என்னாகும்? தகட்டின் சாயமும் அவ்வாறே வெளிறும். வெள்ளிக் குத்துவிளக்கு காற்றுப்பட்டுக் கறுப்பதுபோல, ஈரமும் மாசும் உட்புகுந்தால் தகட்டின் வெள்ளிப் பூச்சும் மங்கும். நாமக்கல் ஆஞ்சநேயர் 18 அடி உயரத் திருமேனியோடு, மேற்கூரையின்றி, வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கிறார். அது கல். நம் தகடு சாயமும் வெள்ளியும் பூசிய ஒரு பிளாஸ்டிக் வட்டம். அதற்கு நிழல் வேண்டும்.

இப்போது பூஜையறையை எண்ணிப் பாருங்கள். விளக்கின் வெப்பம் மேலெழுந்து மாடத்தைச் சூடாக்குகிறது. கற்பூரப் புகையும் சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் நாள்தோறும் படிகின்றன. திருநீறு நம் நெற்றிக்கு அணி. தகட்டுக்கோ அது கீறும் பொடி. சந்தனமும் குங்குமமும் ஈரத்தோடு மேற்பரப்பில் படிந்து காய்கின்றன. துடைக்கும்போது அரக்குப் பூச்சையும் சேர்த்துச் சுரண்டுகின்றன. சி.டி.யைப் பொறுத்தவரை பாட்டு எழுதப்பட்டிருப்பது பளபளக்கும் அடிப்பக்கத்துக்கு அருகில் அன்று. பெயர் எழுதும் மேற்பக்கத்துக்கு மிக அருகில். ஆகவே அடிப்பக்கக் கீறலைவிட மேற்பக்கக் கீறலே கொடியது. டி.வி.டி.யில் இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டி, எழுத்தை நடுவில் வைத்திருப்பார்கள். அங்கே மேற்பக்கக் கீறல் அவ்வளவு தீங்கு செய்யாது. ஆனால் வளைத்தால் ஒட்டு விடும்.

சுவாமி படம் ஒட்டுவதும் தகாது. ஒட்டுப்பசை நாளடைவில் பூச்சைப் பாதிக்கும். படம் ஓரம் சுருங்கினால் பூச்சையும் இழுத்துக்கொண்டு வரும். சுழலும்போது எடை ஒருபக்கம் சாய்ந்து தகடு தடுமாறும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்க முயல வேண்டாம். பிய்த்தால் பாட்டும் சேர்ந்து பிய்ந்துவரக் கூடும். அப்படியே விட்டு, முதலில் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க அரசின் தரநிர்ணயத் தொழில்நுட்பக் கழகம் 2003-ஆம் ஆண்டு குறுந்தகடுகளைப் பேணுவதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நெடுங்காலம் வைத்திருக்க 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 20 முதல் 50 விழுக்காடு காற்றீரமும் ஏற்றவை என்று அது கூறுகிறது. சித்திரை, வைகாசியில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும் சேலத்திலும் நாமக்கல்லிலும் இதற்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். நூலகத்துக்குச் சொன்ன அளவு நம் வீட்டில் கைகூடாது. ஆனால் வீட்டுக்குள்ளேயே இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. அதை அறிந்து வைப்பது நம் கையில் இருக்கிறது.

மொட்டைமாடிக்கு நேர்கீழேயுள்ள பரண் வேண்டாம். ஓட்டு வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் கூரையை ஒட்டி வைக்க வேண்டாம். மாலை வெயில் தாக்கும் மேற்குச் சுவரை ஒட்டிய பீரோவும் வேண்டாம். தொலைக்காட்சிப் பெட்டியின் மேலும், சன்னலருகேயுள்ள கண்ணாடி அலமாரியிலும் வைத்தல் ஆகாது. லாரியின் முன்கண்ணாடி ஓரத்திலும் காரிலும் விட்டுவைத்தல் அறவே கூடாது. மூடிய வண்டியின் வெப்பத்தில் தகடு வளைந்துபோகும். கீழ்த்தளத்தில், வீட்டின் உட்பக்க அறையில், வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் நடுத்தட்டே தக்க இடம். சமையலறைக்கும் குளியலறைக்கும் பக்கத்துச் சுவராக இல்லாதிருப்பது நன்று. அடித்தட்டில் மழைக்காலத்து ஈரம் ஏறும். மேல்தட்டில் வெப்பம் சேரும்.

குளிர்ச்சி நல்லது என்று எண்ணிச் சிலர் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார்கள். வெளியே எடுத்தவுடன் தகட்டின்மேல் நீர் முத்து முத்தாகப் பூக்கும். அது வெப்பத்தினும் கேடு. அதுபோலவே பட்டுச்சேலைக்கு இடும் அந்துருண்டையைத் தகட்டுப் பெட்டியில் இட வேண்டாம். கடுநெடியுள்ள இரசாயனம் எதுவும் பிளாஸ்டிக்குக்கு அருகில் இராமலிருப்பதே பாதுகாப்பு.

வைக்கும் முறையும் முக்கியம். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் உறை தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். காகித உறை தூசைத் தேய்க்கும். பெட்டிகளைப் புத்தகம்போல் நிமிர்த்தி அடுக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் நாளடைவில் வளையும். பட்டுத்துணியில் பொதிந்து வைப்பது ஓலைச்சுவடிக்கு உகந்தது, தகட்டுக்கு அன்று. பெட்டியை வேண்டுமானால் பட்டில் பொதியலாம்.

தகட்டை எடுக்கும்போது விரல்கள் ஓரத்தையும் நடுத்துளையையும் மட்டுமே தொடவேண்டும். பெட்டியின் நடுவிலுள்ள பிடியை அழுத்திவிட்டு எடுக்க வேண்டும்; வளைத்துப் பிடுங்கலாகாது. திருநீறு இட்ட கையோடும் எண்ணெய்க் கையோடும் எடுக்கலாகாது. கேட்டு முடித்தவுடன் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். கருவிக்குள்ளேயே விட்டுவைப்பது வேண்டாம்.

தூசு படிந்திருந்தால் மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தல் ஆகாது. பாட்டு வட்டமாகவே எழுதப்பட்டிருப்பதால், வட்டக் கீறல் ஒரே பாட்டின் நெடுந்தொலைவை அழித்துவிடும். குறுக்குக் கீறலைக் கருவி தாண்டிச் சென்றுவிடும். அழுக்கு போகாவிட்டால் தூய நீரில் ஒரு துளி சோப்பு கலந்து, துணியில் நனைத்துத் துடைத்து, நல்ல நீரால் மீண்டும் துடைத்து, ஒற்றி உலர்த்துங்கள். மண்ணெண்ணெய், தின்னர், தேங்காயெண்ணெய், பற்பசை ஆகியவை வேண்டாம்.

பெயர் எழுதாமலும் இருத்தலாகாது. பந்துமுனைப் பேனா கீறும். தகட்டில் எழுதுவதற்கென்று விற்கும் மென்முனை மார்க்கர் பேனாவால், நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தில் ஓர் எண் மட்டும் இடுங்கள். அந்த எண்ணுக்கு நேராக ஒரு குறிப்பேட்டில் விரிவாக எழுதுங்கள்: பாடியவர் யார், எந்தக் கோயில், எந்த ஆண்டு, என்ன திருநாள், பின்பாட்டு யார். இன்று உங்களுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியும். கொள்ளுப்பேரனுக்கு யார் சொல்வார்கள்?

இவ்வளவு பேணினாலும் தகடு நிலையானதன்று. எழுதிய தகட்டுக்கு இத்தனை ஆண்டு என்று எவரும் உறுதி கூற இயலாது. ஒன்று இருபது ஆண்டு கழித்தும் பாடும். அதே நாளில் வாங்கிய மற்றொன்று ஐந்தே ஆண்டில் ஊமையாகும். சாயத்தின் தரமும், எழுதிய கருவியும், வைத்திருந்த இடமும் இதை முடிவு செய்கின்றன. அழித்து அழித்து எழுதத்தக்க தகடு இன்னும் நிலையற்றது. அதில் அரிய பதிவை வைத்திருக்க வேண்டாம்.

இதில் ஓர் ஏமாற்றமும் உண்டு. பழைய ஒலிநாடா தேயும்போது இரைச்சல் கேட்கும், குரல் மங்கும். அதுவே எச்சரிக்கை. குறுந்தகட்டிலோ ஒலி எண்களாக எழுதப்பட்டிருக்கிறது. சில எண்கள் அழிந்தாலும் மற்றவற்றைக் கொண்டு கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும் ஏற்பாடு அதனுள்ளேயே இருக்கிறது. எனவே உள்ளே சிதைவு வளர்ந்துகொண்டே போகும். நமக்குக் கேட்பதோ தெளிவான பாட்டு. நிரப்ப இயலாத எல்லையைத் தாண்டிய நாளில் திடீரென்று நின்றுவிடும். போன ஆண்டு நன்றாகப் பாடியதே என்று அந்த அம்மையார் வியந்ததன் காரணம் இதுதான்.

ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் சரஸ்வதி பூஜை வருகிறது. அந்நாளில் ஏடுகளையும் நூல்களையும் எடுத்துத் தூசு தட்டி அடுக்கிப் பூஜிப்பது நம் மரபு. அதற்கு முந்தைய வாரத்தில் தகடுகளையும் எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: முதல் பாட்டைக் கேட்டு அமைந்துவிடாதீர்கள். குறுந்தகட்டில் எழுத்து நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கிச் செல்கிறது. கைபடுவதும், ஈரம் புகுவதும், பூச்சு உரிவதும் பெரும்பாலும் ஓரத்திலிருந்தே தொடங்குகின்றன. நிறைய எழுதிய தகட்டில் முதலில் போவது கடைசிப் பாட்டுதான். ஆதலால் கடைசிப் பாட்டை இறுதிவரை கேளுங்கள். இடையில் துள்ளல், ‘டிக்’ என்ற ஒலி, படம் கட்டம் கட்டமாகச் சிதறல், கருவி நெடுநேரம் தேடுதல் ஆகியவற்றுள் ஏதேனும் தெரிந்தால், அதுவே இறுதி அழைப்பு. அன்றே படியெடுத்துவிடுங்கள்.

படியெடுக்கும் முறை எளியது. உங்களுக்குத் தெரியாவிட்டாலும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் தகடு போடும் வாய் இருப்பதில்லை. தனியே ஒரு தகட்டுக் கருவியை வாங்கி இணைத்துக்கொள்ளலாம். உறவினர் வீட்டுப் பழைய கணினியையும் பயன்படுத்தலாம். தகட்டிலுள்ளதை அப்படியே கணினிக்குள் இறக்கச் சொல்லுங்கள். ஒலிபெருக்கிக்கு அருகில் அலைபேசியைப் பிடித்துப் பதிவதும், தொலைக்காட்சித் திரையைப் படமெடுப்பதும் படி ஆகா. அவை படியின் நிழல்.

இறக்கியதை ஒரே இடத்தில் வைத்துவிட்டு நிறைவடைந்துவிடாதீர்கள். பென்டிரைவும் ஹார்ட் டிஸ்க்கும் நிலையானவை அல்ல. ஒரு படி உங்கள் வீட்டில், ஒரு படி வெளியூரிலுள்ள மகள் வீட்டில், ஒரு படி பேரன் கணினியில் என்று மூன்று இடங்களில் இருக்கட்டும். ஒரு வீட்டுக்கு இடர் வந்தாலும் மற்றவை காக்கும். படியெடுத்த பிறகும் பழைய தகட்டையும், அதற்கு முந்தைய ஒலிநாடாவையும் தூக்கி எறிய வேண்டாம். புதுப் படியில் குறை தெரிந்தால் மூலத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

கற்றறிந்த நிறுவனங்களும் இவ்வழியையே மேற்கொள்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2007-ல் தேவாரம் முழுவதையும் ஒரு குறுந்தகட்டில் தொகுத்து வெளியிட்டது. பின்னர் அது இணையத்திலும் இடம்பெற்றது. ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து தகட்டுக்கும், தகட்டிலிருந்து இணையத்துக்கும் திருமுறை நடந்துகொண்டே இருக்கிறது. எந்த ஒரு பொருளும் அதை என்றென்றும் தாங்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் எடுத்து அடுத்த கையில் கொடுத்ததனால் அது நிற்கிறது.

அந்த அம்மையாரின் தகட்டுக்கு வருவோம். வீட்டு டி.வி.டி. கருவியில் ஐந்தாம் பாட்டோடு நின்றது. ஒரு கருவி படிக்காததை மற்றொரு கருவி படிப்பதுண்டு. எனவே சந்தனக் கறையை மெல்ல நீக்கி, தெரிந்தவர் ஒருவரிடமிருந்த பழைய கணினியில் இட்டுப் பார்த்தோம். அது நெடுநேரம் முனகிப் படித்தது. இரண்டு நாள் பொறுமையாக முயன்றதில் பதினொரு பாடல்களில் ஒன்பது கிடைத்தன. பத்தாவது பாட்டும், அதன்பின் பாடிய மங்களமும் கிடைக்கவில்லை. அவை தகட்டின் ஓரத்தில் இருந்தவை.

செய்தியைச் சொன்னபோது அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “மங்களந்தானுங்க அவியளுக்கு உசுரு” என்று மட்டும் சொன்னார்.

பேரன் ஒன்பது பாடல்களையும் மூன்று படிகளாக எடுத்துக்கொண்டான். திதியன்று மாலை அவர்கள் வீட்டு முற்றத்தில் உறவினர் கூடியிருந்தபோது அடியேனும் சென்றிருந்தேன். தைப்பூச இரவின் மணியொலியும், நடுவே எங்கோ ஒரு குழந்தை அழுவதும், அந்தப் பெரியவரின் கம்பீரமான குரலும் ஒன்றாய்க் கேட்டன. ஒன்பதாவது பாட்டு முடிந்ததும் ஒலி சட்டென்று நின்றது. எல்லோரும் மௌனமாக இருந்தார்கள். அப்போது அம்மையார் கண்களை மூடிக்கொண்டு, நடுங்கும் மெல்லிய குரலில், கணவர் பாடக் கேட்டுக் கேட்டு மனத்தில் பதிந்திருந்த அந்த மங்களத்தைத் தாமே பாடி முடித்தார்.

பேரன் அலைபேசியை எடுத்து அதைப் பதிவு செய்துகொண்டான். மறுநாள் அதற்கும் மூன்று படி எடுத்துவிட்டதாகச் சொல்லியனுப்பினான்.

அன்பர்களே, உங்கள் பூஜையறை மாடத்திலும் ஒரு குரல் இருக்கலாம். இந்த வாரமே அதை எடுத்துப் பாருங்கள். பொட்டு வைப்பதைச் சுவாமிக்கு வையுங்கள். தகட்டுக்கு ஒரு நிழலும் ஒரு படியும் கொடுங்கள். கலைமகள் திருவருள் அதனை உங்கள் கொள்ளுப்பேரர் செவிக்குக் கொண்டு சேர்க்கட்டும்.